ஆர் மொழியில் ஓர் எண்ணை மட்டும் விட்டுவிட்டு வரிசை எழுதுவது

மழைமானியில் பத்து நாள் எடுத்த அளவுகளில் நான்காம் நாளுடையது மட்டும் தவறு. அன்று குடுவை சாய்ந்து கிடந்தது. ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் அந்த நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுக்க உட்கார்ந்தேன். ஒரு வரி வேலைதான், ஆனால் சாயங்காலம் முழுக்க அதிலேயே போனது.

ஆர் நிறுவி, கட்டளைகளைத் தட்டும் கன்சோலைத் திறந்திருப்பீர்கள். இதைத் தட்டுங்கள்:

(1:10)[-4]

1 2 3 5 6 7 8 9 10

சதுர அடைப்புக்குள் கழித்தல் குறி போட்டால் அந்த இடத்தில் இருப்பதை எடுத்துவிடு என்று பொருள். பைத்தான் பழகியவர்கள் கவனிக்க: அங்கே -4 என்றால் கடைசியிலிருந்து நான்காவது. இங்கே அப்படி இல்லை.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். வளைவு அடைப்பு போடாமல் இப்படி எழுதியிருந்தேன்:

1:10[-4]

பிழைச் செய்தியே வரவில்லை. பத்து எண்களும் அப்படியே வந்தன, சராசரியும் அசையவில்லை. காரணம், சதுர அடைப்பு முக்காற்புள்ளியை முந்திக்கொள்ளும். ஆர் முதலில் 10[-4] என்பதைத்தான் பார்க்கிறது. 10 என்பது ஒரே உறுப்புள்ள வரிசை. அதில் நான்காம் இடமே கிடையாது, அதனால் எடுக்க ஒன்றுமில்லை. அப்புறம் மிஞ்சுவது 1:10. இதுவே 1:10[-1] என்றிருந்தால் இருந்த ஒன்றும் போய்ப் பிழை காட்டியிருக்கும், உடனே பிடிபட்டிருக்கும்.

முதல் மூன்றையும் விட (1:10)[-(1:3)]. உள் அடைப்பு இல்லாவிட்டால் -1:3 என்பது -1, 0, 1, 2, 3 என்று விரியும். இரண்டு குறிகளும் கலந்தால் ஆர் ஏற்காது.

இன்னொன்று, இடம் வேறு, மதிப்பு வேறு. 11:20 வரிசையில் 14 வேண்டாம் என்றால் [-14] உதவாது. பதினான்காம் இடம் இல்லாததால் எதுவும் நீங்காது, இங்கும் எச்சரிக்கை கிடையாது. இப்படி எழுதுங்கள்:

எ <- 11:20
எ[எ != 14]

நான் எப்போதும் இதைத்தான் எழுதுவேன். செட்டிஃப் (setdiff) என்ற ஃபங்ஷனும் உண்டு, ஆனால் அது திரும்ப வரும் எண்களையும் சேர்த்து நீக்கிவிடும். மழை பெய்யாத மூன்று நாள் பூஜ்யங்கள் ஒரே பூஜ்யமாகிவிட்டால் சராசரி என்னாவது?

பின்சேர்க்கை: விச் (which) ஃபங்ஷனால் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குக் கழித்தல் போட்டால், அதாவது எ[-which(எ == 14)] என்று எழுதினால், ஆகாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். தேடும் எண் வரிசையில் இருக்கும்வரை சரி. இல்லாவிட்டால் விச் வெறுமையைத் தரும். வெறுமைக்குக் கழித்தல் போட்டாலும் வெறுமைதான், அதனால் வரிசை முழுவதும் காணாமல் போகும். இந்த விச் வரியில் 14க்குப் பதில் 99 கொடுத்துப் பாருங்கள், ஓர் எண்கூட மிஞ்சாது.