ஜேஎன்டிஐ பெயர் கிடைக்கவில்லையா? கோடில் கை வைப்பதற்கு முன் இதைப் பாருங்கள்

ஜேஎன்டிஐ என்பது டேட்டாபேஸ் இணைப்பு போன்ற பொருள்களைப் பெயர் சொல்லித் தேடும் ஜாவா வசதி. பெயர் கிடைக்காதபோது அது எறியும் நேம்நாட்ஃபவுண்ட்எக்செப்ஷன், ஜாவா அப்ளிகேஷன் சர்வரில் வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் பழக்கமானதுதான். அதைப் பார்த்ததும் பெரும்பாலும் என்ன செய்கிறோம்? கோடில் இருக்கிற பெயரை மாற்றுகிறோம். முன்னால் ஜாவா:/ சேர்த்துப் பார்க்கிறோம், அப்புறம் காம்ப்/என்வ் சேர்க்கிறோம், அப்புறம் அதை எடுத்துவிடுகிறோம், ஒவ்வொரு தடவையும் பில்ட், டிப்ளாய், ரீஸ்டார்ட் என்று அரை நாள் போய்விடுகிறது. தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பிழை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: நீ கேட்ட பெயர், நான் தேடிய இடத்தில் இல்லை. கேட்ட பெயர் எது, தேடிய இடம் எது, அந்த இடத்தில் இப்போது என்னென்ன இருக்கிறது, இந்த மூன்றையும் சர்வரே சொல்லும். கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம் மாற்றுங்கள்.

நான் அதிகம் புழங்கியது வைல்ட்ஃப்ளை என்ற அப்ளிகேஷன் சர்வரில் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். அதன் ரெட் ஹாட் கட்டணப் பதிப்பான ஜேபாஸ் ஈஏபி-க்கும் இதே கதைதான்.

முதலில் எக்செப்ஷனின் பெயரைச் சரியாகப் படியுங்கள். வந்திருப்பது நோஇனிஷியல்கான்டெக்ஸ்ட்எக்செப்ஷன் என்றால் பெயரில் எந்தத் தப்பும் இல்லை. தேடுவதற்கு ஆளே இல்லை என்று அர்த்தம். யூனிட் டெஸ்டிலோ, சர்வருக்கு வெளியே மெயின் மெத்தடிலிருந்தோ அதே கோடை ஓட்டியிருப்பீர்கள். கம்யூனிகேஷன்எக்செப்ஷன் என்றால் நெட்வொர்க், போர்ட், ஃபயர்வால் பக்கம் போங்கள். கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன் என்றால் பொருள் கிடைத்துவிட்டது, ஆனால் அதே இன்டர்ஃபேஸ் இரண்டு கிளாஸ்லோடரில் (கிளாஸ்களை மெமரிக்கு ஏற்றும் பகுதி) ஏறியிருக்கிறது. வாரின் (வெப் அப்ளிகேஷனைக் கட்டி அனுப்பும் பொதி ஃபைல்) லிப் ஃபோல்டரில் ஒரு ஜார், சர்வரில் அதே ஜார் இன்னொன்று என்று இருக்கும். ஒன்றை எடுத்துவிடுங்கள்.

நேம்நாட்ஃபவுண்ட்தான் என்று உறுதியானால், அந்த வரியை முழுசாகப் படியுங்கள். ஆர்டர்ஸ் என்று ஒரு வார் ஃபைல், அது கேட்டது ஜாவா:காம்ப்/என்வ்/ஜேடிபிசி/ஆர்டர்ஸ்டிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். லாகில் கிட்டத்தட்ட இப்படி வரும்:

என்வ்/ஜேடிபிசி/ஆர்டர்ஸ்டிஎஸ் -- சர்வீஸ் ஜேபாஸ்.நேமிங்.கான்டெக்ஸ்ட்.ஜாவா.மாட்யூல்.ஆர்டர்ஸ்.ஆர்டர்ஸ்.என்வ்.ஜேடிபிசி.ஆர்டர்ஸ்டிஎஸ்

புள்ளி புள்ளியாக நீளும் இந்த வாலைத்தான் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போகிறார்கள், ஆனால் முழு விலாசமும் அதில்தான் இருக்கிறது. "ஜாவா.மாட்யூல்.ஆர்டர்ஸ்.ஆர்டர்ஸ்" என்றால் சர்வர் தேடியது இந்த வாரின் சொந்த அலமாரியில், பொது இடத்தில் இல்லை. நீங்கள் கேட்டது காம்ப் ஆச்சே, ஏன் மாட்யூல் என்று வருகிறது என்று குழம்ப வேண்டாம், வார் ஃபைலுக்குள் இரண்டும் ஒன்றுதான். ஈஜேபி (சர்வரே நடத்தும் கிளாஸ்கள், பீன் என்பார்கள்) ஜாரில் மட்டும் ஒவ்வொரு பீனுக்கும் தனித்தனி காம்ப் உண்டு. மாட்யூல் என்றில்லாமல் வெறும் "ஜாவா.ஜேடிபிசி..." என்று வால் நீண்டால் தேடியது சர்வரின் பொது இடத்தில்.

காம்ப், மாட்யூல், ஆப், குளோபல் என்று நான்கு அடுக்குகள். பின் மூன்றும் 2009-இல் வந்த ஜாவா ஈஈ 6-இலிருந்து இருக்கின்றன. மாட்யூல் அந்த வார் அல்லது ஜாருக்குள் மட்டும், ஆப் ஒரே இயருக்குள் (பல வார், ஜார்களைச் சேர்த்த பொதி), குளோபல் சர்வர் முழுக்க. இதற்கு மேல் வைல்ட்ஃப்ளை தன் பங்குக்கு ஜாவா:ஜேபாஸ் என்று ஒன்று வைத்திருக்கிறது, டேட்டாசோர்ஸ்கள் (டேட்டாபேஸ் இணைப்பைத் தரும் பொருள்கள்) வழக்கமாக அதற்குள் இருக்கும்.

அடுத்தது, அங்கே உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. வைல்ட்ஃப்ளையோடு வரும் கமாண்ட் லைன் கருவியான ஜேபாஸ் சிஎல்ஐ-யைத் திறந்து கனெக்ட் ஆனதும் இதை அடியுங்கள் (ஆங்கில எழுத்தில்தான்):

/சப்சிஸ்டம்=நேமிங்:ஜேஎன்டிஐ-வியூ

நீளமாகக் கொட்டும். ஃபைலில் எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் டேட்டாசோர்ஸின் கடைசிப் பகுதியை மட்டும் தேடுங்கள், முழுப் பெயரையும் தேடாதீர்கள். இரண்டில் ஒன்றுதான் நடக்கும்.

ஒன்று, பெயர் இருக்கும், வேறு இடத்தில். கோட் கேட்பது காம்ப்/என்வ்-க்குள், பதிவாகியிருப்பது ஜாவா:ஜேபாஸ்/டேட்டாசோர்சஸ்/ஆர்டர்ஸ்டிஎஸ். நடுவில் பாலம் இல்லை. வெப் எக்ஸ்எம்எல்-இல் ரிசோர்ஸ்-ரெஃப் எழுதி, ஜேபாஸ்-வெப் எக்ஸ்எம்எல்-இல் அதே பெயருக்கு ஜேஎன்டிஐ-நேம் கொடுத்தால் பாலம் வந்துவிடும். ரிசோர்ஸ்-ரெஃப்பில் ஜேடிபிசி/ஆர்டர்ஸ்டிஎஸ் என்று மட்டும் எழுதுங்கள், முன்னால் ஜாவா:காம்ப்/என்வ் சேர்க்கத் தேவையில்லை. அனோட்டேஷன் பயன்படுத்துகிறவர்கள் @ரிசோர்ஸ்-இல் நேம் எது, லுக்அப் எது என்று தெளிவாக இருக்க வேண்டும். நேம் என்பது உங்கள் சொந்த அலமாரியில் நீங்கள் ஒட்டும் சீட்டு, லுக்அப் என்பது பொருள் ஏற்கெனவே இருக்கிற இடம். சர்வரின் முழு விலாசத்தை நேம்-இல் எழுதிவிட்டுத் தேடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, பெயர் எங்கேயுமே இருக்காது. அப்படியென்றால் உங்கள் கோடில் பிரச்சினையே இல்லை, கைவைக்காதீர்கள். சர்வர் ஸ்டார்ட் ஆகும்போது டேட்டாசோர்ஸ் பதிவானால் டபிள்யூஎஃப்எல்ஒய்ஜேசிஏ0001 என்ற எண்ணோடு ஒரு வரி லாகில் வரும். அது வரவில்லை என்றால் அதற்கு மேலே ஸ்க்ரோல் செய்யுங்கள். ஒருமுறை புது சர்வருக்கு மாறின அன்று ராத்திரி, டெஸ்டில் ஓடிய அதே வார் அங்கே மட்டும் விழுந்தது. இரண்டு மணி நேரம் நானும் கூட இருந்தவரும் பெயரையே மாற்றி மாற்றிப் பார்த்தோம். கடைசியில் லாகின் ஆரம்பத்தில், ஜேபாஸ்.ஜேடிபிசி-டிரைவர்.போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற சர்வீஸ் இல்லை என்று சர்வர் அப்போதே சொல்லியிருந்தது. டிரைவர் மாட்யூலைப் புது மெஷினுக்கு யாரும் காப்பி செய்யவில்லை. டிரைவர் இல்லாததால் டேட்டாசோர்ஸ் எழவில்லை, டேட்டாசோர்ஸ் எழாததால் பெயர் பதிவாகவில்லை. அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது லாகின் கடைசி வரியை இல்லை, ஸ்டார்ட்டப் பகுதியைத்தான்.

இங்கே ஒன்று கவனியுங்கள். டேட்டாபேஸ் படுத்துவிட்டால் வரும் பிழை வேறு. பெயர் பதிவாக டேட்டாபேஸ் உயிரோடு இருக்க வேண்டும் என்றில்லை, லுக்அப் சரியாகப் போய் கெட்கனெக்ஷன் அழைக்கும்போதுதான் அடிபடும். அதைத் தனியாகச் சோதிக்க டேட்டாசோர்ஸ் மேல் டெஸ்ட்-கனெக்ஷன்-இன்-பூல் என்ற ஆப்பரேஷன் சிஎல்ஐ-யிலேயே இருக்கிறது.

ஈஜேபி தேடுகிறீர்கள் என்றால் பெயரை மனசுக்குள் கட்டவே கட்டாதீர்கள். டிப்ளாய் ஆகும்போது டபிள்யூஎஃப்எல்ஒய்ஈஜேபி0473 என்ற வரியில் அந்த பீனுக்கான எல்லாப் பெயர்களையும் சர்வர் எழுதிக் கொடுக்கிறது, அங்கிருந்து காப்பி செய்யுங்கள். போன ரிலீஸ் வரை ஓடியது இப்போது ஓடவில்லை என்றால் ஃபைல் பெயரைப் பாருங்கள். ஆர்டர்ஸ்-1.4 என்று வெர்ஷனோடு டிப்ளாய் செய்தால் மாட்யூல் பெயரும் ஆர்டர்ஸ்-1.4 ஆகிவிடும், குளோபல் விலாசம் ஒவ்வொரு ரிலீஸிலும் மாறும். டிஸ்கிரிப்டரில் (வெப் எக்ஸ்எம்எல் போன்ற அமைப்பு ஃபைலில்) மாட்யூல்-நேம் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும்.

சர்வருக்கு வெளியிலிருந்து வரும் கிளையன்டுக்குத் தெரிவது ஜாவா:ஜேபாஸ்/எக்ஸ்போர்ட்டட் என்பதற்குக் கீழே இருப்பவை மட்டும்தான், கேட்கும்போது அந்த முன்பகுதியை விட்டுவிட்டுக் கேட்க வேண்டும். போர்ட்டும் மாறியிருக்கிறது: பழைய ஜேபாஸில் 1099, ஏஎஸ் 7-இல் 4447, வைல்ட்ஃப்ளை வந்த பிறகு 8080. பழைய ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலை அப்படியே தூக்கி வந்தால் இதில்தான் சிக்கும்.

எப்போதாவது மட்டும் விழுகிறது, ரிக்வெஸ்டில் சரி, பின்னணி வேலையில் மட்டும் இல்லை என்றால், அது த்ரெட் (தனியாக ஓடும் வேலை இழை) பிரச்சினை. ஜாவா:காம்ப் என்பது த்ரெடோடு ஒட்டிக்கொண்டு வரும் விஷயம். நீங்களே நியூ த்ரெட் போட்டு ஓட்டினால் அந்த த்ரெடுக்குத் தான் எந்த அப்ளிகேஷனைச் சேர்ந்தது என்றே தெரியாது. பின்னணியில் வேலை ஓட்டும் கம்ப்ளீட்டபிள்ஃப்யூச்சரை எக்ஸிக்யூட்டர் கொடுக்காமல் அழைத்தாலும் இதே நிலைமை. ஜேடிகே 9-இலிருந்து அதன் பொது பூலில் இருக்கும் த்ரெடுகள் சிஸ்டம் கிளாஸ்லோடரோடு வருகின்றன, அதனால் 8-இல் அதிர்ஷ்டத்தில் ஓடிய கோட் 11-க்குப் போனதும் விழுந்ததைப் பார்த்திருக்கலாம். சர்வர் தரும் மேனேஜ்ட்எக்ஸிக்யூட்டர்சர்வீஸை இன்ஜெக்ட் செய்து அதைக் கொடுங்கள்.

ஜாவா ஈஈ-யின் புதுப் பெயரான ஜகார்த்தாவுக்கு மாறுகிறவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜாவாஎக்ஸ் என்று இருப்பதையெல்லாம் மொத்தமாக ஜகார்த்தா என்று மாற்றாதீர்கள். ஜாவாஎக்ஸ்.நேமிங், ஜாவாஎக்ஸ்.எஸ்க்யூஎல் இரண்டும் ஜேடிகே-யைச் சேர்ந்தவை, அவை பழைய பெயரிலேயே இருக்கும்.

பிழை தேடுகிற அவசரத்தில் லுக்அப் பெயரை ரிக்வெஸ்ட் பாராமீட்டரிலிருந்து வாங்கும் ஒரு டெஸ்ட் பக்கம் எழுதி அதை அப்படியே விட்டுவிடுபவர்கள் உண்டு. வேண்டாம். 2021 டிசம்பரில் லாக்4ஜே லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டையான லாக்4ஷெல் என்று உலகமே அலறியதன் அடியில் இருந்தது இதுதான்: வெளியிலிருந்து வந்த பெயரை ஜேஎன்டிஐ நம்பித் தேடப் போனது.

மற்ற சர்வர்களில் பெயர் பட்டியலைப் பார்க்கும் வழி மட்டும் மாறும். கிளாஸ்ஃபிஷில் ஏஎஸ்அட்மின் லிஸ்ட்-ஜேஎன்டிஐ-என்ட்ரீஸ், வெப்லாஜிக்கில் 14.1.2-க்கு முந்தைய பதிப்புகள் என்றால் அட்மின் கன்சோலில் ஜேஎன்டிஐ ட்ரீ. டாம்கேட்டில் மட்டும் ஒரு விசித்திரம் உண்டு. வெப் எக்ஸ்எம்எல்-இல் ரிசோர்ஸ்-ரெஃப் இருந்து கான்டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல்-இல் அதே பெயரில் ரிசோர்ஸ் இல்லையென்றால், லுக்அப் பிழையே வராமல், காலி டிரைவர் கிளாஸ், யுஆர்எல் நல் என்று கனெக்ஷன் எடுக்கும்போது ஒரு புகார் வரும். அதைப் பார்த்தால் டிரைவர் ஜாரைத் தேடி ஓடாதீர்கள், இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட.