முதல் செஸ் போட்டிக்கு மகளைத் தயார் செய்வது

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குப் போட்டிக்கு வருபவர்கள் முதலில் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கணக்கில் வையுங்கள். இரண்டு இட்லியோடு நிறுத்தி, முதல் சுற்றுக்கு ஒரு மணி நேரம் முன்பே சேலம் வந்து இறங்கிவிடுங்கள். தலைசுற்றலோடு உட்கார்ந்தால் பத்தாவது நகர்த்தலிலேயே குதிரை போய்விடும். தட்டுவடை செட் எல்லாம் கடைசிச் சுற்று முடிந்த பிறகு.

சின்னப் பெண்கள் ஆட்டத்தை இழப்பது பெரும்பாலும் கை விஷயத்தில்தான். தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். கோணலாக நிற்கும் காயை நேராக்க, தன் முறையில், தொடுவதற்கு முன்பே "அட்ஜஸ்ட்" என்று சொல்ல வேண்டும். காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) செய்யும்போது ராஜாவை முதலில், ஒரே கையால். யானையை முதலில் தொட்டுவிட்டால் அந்த யானையோடு அப்போது காஸ்லிங் கிடையாது. காய் நகர்த்திய கையாலேயே ஆட்ட நேரத்தைக் கணக்கிடும் கிளாக்கையும் அழுத்த வேண்டும்.

சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போகும் நேரம்தான் பதற்றம். பக்கத்தில் ராணி இல்லையென்று யானையைத் தலைகீழாக வைத்து "ராணி" என்று சொன்னால் செல்லாது, அது யானைதான். கிளாக்கை நிறுத்தி, நடுவரிடம் ராணி கேட்டு வாங்கட்டும்.

ராணி வந்த பிறகும் ஆபத்து இருக்கிறது. எதிராளியின் ராஜா மட்டும் எச்8 மூலையில் மாட்டியிருக்கும்போது ராணியை ஜி6-இலோ எஃப்7-இலோ வைத்தால் ஸ்டேல்மேட் (செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை, ஆட்டம் டிரா), அரைப் புள்ளி போச்சு. மூலையில் ராஜா தனியாக இருந்தால் செக் இல்லாமல் குதிரை நடை தூரத்தில் ராணியை நிறுத்தக் கூடாது. வீட்டில் இதை இருபது தடவையாவது நான்கு மூலைகளிலும் வைத்துக் காட்டுங்கள்.

எதிராளி தவறான நகர்த்தல் செய்தால் அவளோடு வாதாடவோ, "பரவாயில்லை" என்று விட்டுக்கொடுக்கவோ வேண்டாம். பதிலுக்குக் காய் நகர்த்தாமல் கிளாக்கை நிறுத்தி, கையைத் தூக்க வேண்டும். கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டத்தில் முதல் தவறுக்கு நம் பிள்ளைக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். அதே ஆள் இரண்டாவது முறை செய்தால் பொதுவாக ஆட்டமே நமக்கு. பயந்த குழந்தை கையைத் தூக்குவதில்லை. பெரிய அக்கா எதிரில் உட்கார்ந்து "நீதான் தொட்டே" என்றால் தலையாட்டிவிடும். அதனால் வீட்டில் நீங்களே வேண்டுமென்றே தப்பாக நகர்த்துங்கள். அவள் கை தானாக மேலே போகும்வரை விடாதீர்கள்.

டிரா கேட்பதென்றால் வரிசை இதுதான்: காயை நகர்த்து, கேள், பிறகு கிளாக்கை அழுத்து. எதிராளி கேட்டால், வேண்டாமென்று சொல்லவேண்டிய அவசியம்கூட இல்லை. அடுத்த காயை நகர்த்தினாலே போதும்.

நகர்த்தல்களைக் குறிக்கும் ஸ்கோர் ஷீட்டில், காயை நகர்த்திய பிறகே எழுத வேண்டும். பேனா இரண்டு கொடுத்தனுப்புங்கள். போனும் ஸ்மார்ட் வாட்சும் உங்களிடமே இருக்கட்டும்.