நாவலைப் படித்துவிட்டுப் பேய்ப்படத்துக்குப் போகிறவர்களுக்கு

முதல் விஷயம், படம் வெளியாகிற வாரத்தில் அந்த நாவலை மறுபடி எடுத்துப் படிக்காதீர்கள். எல்லோரும் செய்கிற தப்பு இது, நானும் செய்திருக்கிறேன். 2017 செப்டம்பரில் ஸ்டீபன் கிங்கின் 'இட்' படமாக வந்தபோது, ஆயிரத்து நூறு பக்கத்துக்கு மேல் போகும் அந்தத் தலையணையை இரண்டு வாரம் மின்சார ரயிலிலும் மொட்டை மாடியிலும் உட்கார்ந்து மறுபடி முடித்துவிட்டு, மறுநாளே தியேட்டருக்குப் போனேன். விளைவு, படம் பார்க்கவில்லை, பரீட்சைப் பேப்பர் திருத்தினேன். காகிதக் கப்பல் சரி, மஞ்சள் மழைக்கோட்டு சரி என்று மனசுக்குள் டிக் போட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் வந்திருந்த நண்பன் என் முழங்கையைப் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தான். கதையில் 1958-ம் 1985-ம் மாறி மாறி வரும். படக்காரர்கள் சிறுவர்களின் பாதியை மட்டும் எடுத்து 1989-க்குத் தூக்கி வைத்துவிட்டார்கள். பெரியவர்கள் எப்போது வருவார்கள் என்று காத்திருந்தே எனக்கு அரைமணி நேரம் போய்விட்டது. அவனுக்கு நூற்றைம்பது ரூபாய்க்குப் பயம் கிடைத்தது, எனக்கு அதே காசுக்குக் கணக்கு வேலை.

கை அரித்தால் முதல் அத்தியாயத்தை மட்டும் புரட்டுங்கள். மீதியைப் படம் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம், அப்போது படிப்பது வேறு ருசி.

போவதற்கு முன் செய்ய வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் உங்களைப் பயமுறுத்தியது எது என்று யோசியுங்கள். காட்சிகளை அடுக்க வேண்டாம், எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே பேயே இருக்காது. ஒரு மனிதன் தனக்குள் நினைத்துக்கொண்ட ஏதாவது ஒரு வரி இருக்கும். 'தி ஷைனிங்' நாவலில் என்னை ஆட்டியது, மகன் மேல் உயிரையே வைத்திருக்கிற ஒரு அப்பா, தனக்குள் இருக்கிற குடிகாரனோடு பக்கம் பக்கமாகப் போராடித் தோற்பதுதான். கேமராவால் ஒரு தலைக்குள் அப்படிப் புகுந்துகொண்டு நானூறு பக்கம் இருக்க முடியாது. 1980-இல் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த படத்தில் அந்த அப்பா முதல் காட்சியிலேயே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறார், கிங்குக்கே இது பிடிக்கவில்லை. 1997-இல் தானே திரைக்கதை எழுதி, நாவலை ஒட்டியே தொலைக்காட்சித் தொடராக எடுக்க வைத்தார். இன்று யாரிடமாவது 'ஷைனிங்' என்று சொல்லிப் பாருங்கள், எது ஞாபகத்துக்கு வருகிறது என்று தெரியும். நாவலில் செடிகளை மிருக வடிவில் வெட்டி வைத்திருப்பார்கள், அவை அசையும். படத்தில் அதை எடுத்துவிட்டுச் செடிகளால் ஆன புதிர்ப்பாதை ஒன்றை வைத்தார்கள். எழுத்தில் அந்த மிருகங்கள் நகரும் இடம் மயிர்க்கூச்செறியும், தொடரில் பார்த்தபோது சிரிப்பு வந்தது. நாவல் பக்தனான நான் இதை ஒப்புக்கொள்ளச் சில வருஷம் ஆனது.

ஒரு மாற்றத்தைப் பார்த்துக் கொதிப்பதற்கு முன், மாற்றியது யார் என்றும் விசாரியுங்கள். 'ஷைனிங்' கதை நடக்கிற விடுதியில் பேய் இருக்கிற அறை நாவலில் 217, படத்தில் 237. இதற்கு ஆயிரம் ரகசிய அர்த்தம் சொல்கிறவர்கள் உண்டு. வெளிப்புறக் காட்சிகளுக்குப் பயன்பட்ட ஒரேகான் மாநில விடுதிக்காரர்கள், படம் வந்தபிறகு 217-இல் யாரும் தங்க மாட்டார்கள் என்று பயந்து, தங்களிடம் இல்லாத ஒரு எண்ணைப் போடச் சொன்னார்கள், அவ்வளவுதான். நம் ஊரில் இதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது, சென்சார். நாவலில் மூன்று பக்கம் வந்த காட்சி திரையில் மூன்று வினாடிதான் இருந்தது என்றால் கத்தரி இங்கேயே விழுந்திருக்கலாம். எத்தனை நிமிடம் போயிருக்கிறது என்று பார்த்துவிட்டு இயக்குநரைத் திட்டலாம்.

அப்புறம் காட்சி நேரம். சென்னையில் பேய்ப்படத்துக்கு முதல் நாள் மாலைக் காட்சி என்றால் அது திருவிழா. காஞ்சனா காலத்திலிருந்தே பேயைப் பார்த்தால் சிரித்துப் பழகிவிட்டோம், கதவு கிரீச்சென்றால் பின்வரிசையிலிருந்து "யாரு, பால்காரரா?" என்று ஒரு குரல் வரும், தியேட்டரே வெடிக்கும். நாவல் ரசிகருக்கு இது நெஞ்சில் கத்தி. நானும் ஒருமுறை திரும்பி முறைத்திருக்கிறேன். ஆனால் அடுத்த முறை காது கொடுத்துக் கேளுங்கள், அந்தச் சிரிப்பில் பாதி பயம்தான், இருட்டில் வாய்விட்டு அலற வெட்கப்படுகிறவர்கள் கண்டுபிடித்த வழி. அது பிடிக்காது, அமைதியாகப் பார்க்க வேண்டும் என்றால் செவ்வாய், புதன் காலைக் காட்சிக்குப் போங்கள், மொத்தமே பதினைந்து பேர் இருப்பார்கள், ஏசி குளிரும் பயமும் சேர்ந்து நன்றாக இருக்கும். இரவுக் காட்சி என்றால் திரும்புவதற்கு முன்கூட்டியே வழி பண்ணிக்கொள்ளுங்கள். மெட்ரோ பதினோரு மணியோடு முடிந்துவிடும், அதற்குமேல் ஆட்டோக்காரர் சொல்வதுதான் ரேட்டு. பதினாறு வயது அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு 'ஏ' சான்றிதழ் படத்துக்குப் போய் வாசலிலிருந்தே திரும்பியவன் என்ற முறையில் சொல்கிறேன், சான்றிதழையும் பார்த்துவிடுங்கள். தமிழ் டப்பிங்கைப் பற்றி ஒரே வரி: படத்தில் சின்னக் குழந்தை முக்கியப் பாத்திரம் என்றால் வேண்டாம்.

இன்டர்வெல் தனிக் கொடுமை. ஆங்கிலப் படத்தில் இடைவேளை கிடையாது, அதனால் இங்கே நடுவில் எங்கேயாவது நிறுத்துகிறார்கள். ஒருத்தி நிலவறைக் கதவின் பிடியில் கை வைக்கிறாள், பளீரென்று விளக்கு, பப்ஸ் வாசனை. இதை யாராலும் மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது வாயை மூடிக்கொள்வது. நாவல் படித்தவர் செய்யக்கூடிய மகா பாவம், இடைவேளையில் "இது ஒண்ணுமே இல்லடா, இனிமேல்தான் இருக்கு" என்று ஆரம்பிப்பது. "அந்தச் சின்னப் பையன் இருக்கானே..." என்று நான் ஒரு வாக்கியம் தொடங்கினேன், முடிக்கவில்லை, ஆனாலும் கூட வந்த நண்பனுக்குப் புரிந்துவிட்டது. ஆறேழு வருஷம் ஆகிறது, இன்னமும் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிக் காட்டுகிறான்.

வாயை மூடினால் மட்டும் போதாது, உடம்பும் காட்டிக்கொடுக்கும். படித்தவனுக்கு எங்கே பேய் வரும் என்று தெரியும், அதற்கு நான்கு வினாடி முன்பே முதுகு நிமிரும், பாப்கார்னுக்குப் போன கை நிற்கும், பக்கத்தில் இருக்கிறவர் உஷாராகிவிடுவார். அதனால் கும்பலாகப் போனால் ஓரத்து சீட்டில் உட்காருங்கள்.

படம் முடிந்து டீக்கடைக்கு வந்தவுடன் படிக்காதவர்களை முதலில் பேச விடுங்கள். இது கஷ்டம், ஆனால் இதில்தான் லாபம். எந்த இடத்தில் உண்மையாகவே பயந்தாய் என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற இடம் நாவலில் இல்லாததாகக்கூட இருக்கலாம். ஜப்பானிய 'ரிங்' எடுத்துக்கொள்ளுங்கள். டிவி பெட்டிக்குள்ளிருந்து தலைமுடி தொங்க ஒருத்தி ஊர்ந்து வருவாளே, உலகத்துக்கே தெரிந்த காட்சி, அது கோஜி சுசுகியின் 1991 நாவலில் கிடையாது. நாவலின் பத்திரிகையாளர் ஆண், 1998 படத்தில் அவரைக் குழந்தையோடு இருக்கிற பெண்ணாக மாற்றினார்கள். என்னைப் போன்ற ஒருவன் படப்பிடிப்பில் உட்கார்ந்து "இதெல்லாம் புத்தகத்தில் இல்லையே" என்று கையைத் தூக்கியிருந்தால் அந்தக் காட்சியே இருந்திருக்காது. அன்றிலிருந்து நான் எந்தப் படத்திலும் கேட்பது, புத்தகம் என் வயிற்றில் பண்ணிய வேலையை இது வேறு வழியிலாவது பண்ணியதா என்பதைத்தான்.

முகம் விஷயத்தில் தமிழ் வாசகர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நாம் தொடர்கதைகளைப் படத்தோடு படித்து வளர்ந்தவர்கள். வந்தியத்தேவன் என்றால் மணியம் வரைந்தவன், கணேஷ் வசந்த் என்றால் ஜெயராஜ் வரைந்தவர்கள், வேறு யார் வந்து நின்றாலும் மனம் ஒப்பாது. 2022-இல் பொன்னியின் செல்வன் வந்தபோது வீட்டுக்கு வீடு நடந்த சண்டை நினைவிருக்கும், எங்கள் அத்தை மணிமேகலையை விட்டுவிட்டார்கள் என்று இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பேய்க்கதையில் இது இன்னும் மோசம், ஏனென்றால் நல்ல எழுத்தாளர் பேயை முழுசாகச் சொல்லவே மாட்டார். மிச்சத்தை நாம்தான் வரைந்திருப்போம், அதுவும் நமக்குத் தெரிந்த இடத்தில். அமெரிக்கக் கதையோ ஜப்பானியக் கதையோ, எனக்குப் பேய் இருக்கிற வீடு என்றால் மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கொல்லைப்புறம்தான், துணி துவைக்கிற கல், மூடி போட்ட கிணறு, கரண்ட் போன ராத்திரியில் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பூனை. எத்தனை கோடி செலவழித்தாலும் அந்தக் கிணற்றை யாராலும் செட் போட முடியாது. படம் ஏமாற்றியது என்று தோன்றும்போது, அது ஏமாற்றியதா, இல்லை உங்கள் கொல்லைப்புறம் திரையில் வரவில்லை என்கிற வருத்தமா என்று ஒரு நிமிடம் பிரித்துப் பாருங்கள். இரண்டாவது என்றால் இயக்குநர் மேல் தப்பில்லை.

கருத்துச் சொல்ல ஒரு ராத்திரி பொறுங்கள். 'ஷைனிங்' வந்த புதிதில், மோசமான படங்களுக்குக் கேலியாகக் கொடுக்கிற ராஸி விருதுக்கு குப்ரிக்கை மோசமான இயக்குநர் என்று பரிந்துரைத்தார்கள், அதை நினைத்துக்கொண்டால் அவசரம் தானாகக் குறையும். என் சோதனை எளிமையானது. இரவு இரண்டு மணிக்கு பாத்ரூம் போக எழுந்திருக்கும்போது ஹால் விளக்கைப் போட்டேனா? போட்டிருந்தால் படம் பாஸ். காலையில் எழுதும்போது "புத்தகம்தான் பெஸ்ட்" என்று மட்டும் போடாதீர்கள், அதற்கு மேல் யாரும் எதுவும் பேச முடியாது. "நாவலில் அவன் அந்தக் கதவைத் திறக்க ஒரு காரணம் இருந்தது, படத்தில் சும்மா திறக்கிறான்" என்று சொன்னால் படிக்காதவரும் பதில் சொல்வார்.

முடிவை மட்டும் சொல்லாதீர்கள், குடும்ப வாட்ஸ்அப்பில்கூட. கிங்கின் 'தி மிஸ்ட்' குறுநாவல் முடிவைத் திறந்தே விட்டிருக்கும். 2007 படம் அப்படி விடவில்லை, வேறு ஒன்று செய்தது, எழுதியவரே அது தனக்குப் பிடித்தது என்று சொல்லிவிட்டார். எங்கள் கும்பலில் இரண்டு பேர் அந்த முடிவுக்காக ராயப்பேட்டையிலிருந்து திருவான்மியூர் வரை ஒரே பைக்கில் பேசாமல் போனார்கள். என்ன முடிவு என்று இங்கேயும் எழுத மாட்டேன்.

படம் பிடித்துப் போன நண்பன் நாவலைக் கேட்டால் உங்கள் பிரதியைக் கொடுக்காதீர்கள், திரும்பி வராது. திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளில் கிங் எப்போதும் கிடப்பார், பேரம் பேசி ஒன்று வாங்கிக் கொடுங்கள். நான் அப்படி வாங்கிக் கொடுத்த நண்பன் போன மாதம் நள்ளிரவு ஒரு மணிக்குப் போன் செய்தான். "மச்சான், 217 வாசலுக்கு வந்துட்டேன், வீட்ல யாரும் இல்ல, இப்பவே உள்ள போகட்டுமா, காலைல படிக்கட்டுமா?" காலையில் படி என்றேன். புத்தகத்தை வெளியே செருப்பு ஸ்டாண்டில் வைத்து, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தூங்கினானாம்.