இல்லத்தை விட்டுப் புறப்படும் முன்: பதினேழு வயதிலேயே கேட்டு வாங்க வேண்டியவை

குழந்தைகள் இல்லத்தில் வளரும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது, பதினெட்டாவது பிறந்தநாள் வரை காத்திருக்காதீர்கள் என்பதுதான். அன்றோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் பிற்காப்பு என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது, இல்லத்திலிருந்து வெளியேறுபவருக்கு 21 வயது வரை, விதிவிலக்கான சூழலில் 23 வரை, தங்குமிடம், படிப்பு, தொழிற்பயிற்சி, செலவுக்குப் பணம் என்று உதவலாம். 'உதவலாம்' என்றுதான் இருக்கிறது, 'உதவியே ஆக வேண்டும்' என்று இல்லை. அதனால்தான் கேட்டவருக்குக் கிடைக்கிறது, கேட்காதவர் பையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்.

சரி, யாரிடம் கேட்பது? பிற்காப்புக்கு ஆணை போடுவது உங்கள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு (வழக்கு காரணமாக இல்லத்துக்கு வந்தவர்களுக்கு இளைஞர் நீதிக் குழுமம்). நீங்கள் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே, உங்களுக்குப் பிற்காப்பு தேவை என்று நன்னடத்தை அலுவலரோ இல்லத்தின் நலப் பணியாளரோ திட்டம் எழுதி அங்கே கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகள் சொல்கின்றன. ஆகவே பதினேழரை வயதிலேயே "அண்ணா, என் திட்டம் எழுதியாச்சா?" என்று நேராகக் கேளுங்கள். வாய்ப்பேச்சோடு விடாமல், என்ன படிக்க ஆசை, எங்கே தங்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் நீங்களே எழுதிக் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் பாதுகாப்புக்கான ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிற்காப்புக்கு மாதம் 4,000 ரூபாய். அது உங்கள் வங்கிக் கணக்குக்கே வர வேண்டிய பணம். இல்லக் கண்காணிப்பாளரோடு சேர்ந்த கணக்காக இருந்தால், பதினெட்டு முடிந்ததும் உங்கள் பெயருக்கு மட்டும் மாற்றிவிடுங்கள். கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்தவர் என்றால், தமிழக அரசு உங்கள் பெயரில் 5 லட்சம் வைப்பீடு செய்திருக்கும், 18 வயதில் வட்டியோடு எடுக்கலாம். அதன் பத்திரம் எங்கே இருக்கிறது என்று இப்போதே கேளுங்கள்.

பிள்ளைகள் அதிகம் தவிப்பது காகிதங்களுக்குத்தான். வெளியே வந்தபின் ஒரு மாற்றுச் சான்றுக்காகப் பழைய ஊருக்கு நான்கு முறை போய் வந்த ஒரு பையனை எனக்குத் தெரியும், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போயிற்று. பிறப்புச் சான்று, ஆதார், மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்று, உங்களை இல்லத்தில் சேர்த்தபோது குழு போட்ட ஆணை, எல்லாவற்றிலும் அசலை நீங்கள் வாங்கிக்கொண்டு, நகலை இல்லத்தில் விடுங்கள். ஆதாரில் இல்லத்தின் முகவரி இருந்தால், புது இடம் அமைந்ததும் மாற்றுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரிவதே இல்லை: பத்து வயதுக்கு முன்பே பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். சாதி தெரியாது என்பதற்காகப் பொதுப்பிரிவில் விண்ணப்பித்து ஏமாறாதீர்கள், கல்லூரி விண்ணப்பம் வரும் முன்பே பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழைக் கேளுங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால், பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. கல்லூரி அலுவலகத்திலேயே கேட்கலாம்.

உங்கள் பிற்காப்புக் கோரிக்கையை இழுத்தடித்தால், குழந்தைகள் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அலுவலகமான மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நேரில் போங்கள். அங்கும் நகரவில்லை என்றால், திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இல்லத்தை விட்டு வந்தாயிற்றா? 21 இன்னும் முடியவில்லை என்றால் இந்த வாரமே குழுவிடம் போய்க் கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், உங்களுக்கு முன்னே அந்த இல்லத்திலிருந்து வெளியே வந்த அண்ணனையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள்.