கோடு போட்ட நோட்டில் எண்ணிப் பார்ப்பது எப்படி

என் மகள் குடும்பம் அமெரிக்காவில் டாலஸ் பக்கம் இருக்கிறது. ஏழு வயதுப் பேத்தி போனில் சொன்னாள்: "பாட்டி, இன்னைக்கு ஸ்கூல்ல லைட்டை அணைச்சிட்டு, சுவரோரமா சத்தமே போடாம உட்காரப் பழகினோம்." துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் புகுந்தால் ஒளிந்துகொள்ளும் பயிற்சி அது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. கூட்டத்தில் புகுந்து சுடுவது அங்கே கூடிக்கொண்டே போகிறதா? முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள், எண்ணிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீங்களும் பார்க்கலாம்.

முதலில் எதை எண்ணுகிறோம் என்று நோட்டின் தலைப்பில் எழுதுங்கள். எல்லாரும் தடுமாறுவது இங்கேதான். அமெரிக்கத் துப்பாக்கிச் சூடுகளைப் பதிந்து வைக்கும் 'கன் வயலன்ஸ் ஆர்க்கைவ்' அமைப்பின் பட்டியலில், சுட்டவரை விட்டு நாலு பேர் மேல் குண்டு பட்டாலே போதும். யாரும் சாக வேண்டியதில்லை. 'மதர் ஜோன்ஸ்' பத்திரிகையின் பட்டியல் பொது இடத்தில் நடந்த கொலைகளை மட்டும் எடுக்கும். கொள்ளையும் கும்பல் தகராறும் அதில் வராது. அதனால் 2019 என்ற ஒரே வருஷத்துக்கு முதல் பட்டியலில் 400-க்கு மேல், இரண்டாவதில் 10. இரண்டும் சரிதான், ஆனால் கலக்கக் கூடாது.

ஒரே பட்டியலுக்குள்ளும் அளவுகோல் மாறும். மதர் ஜோன்ஸ் 2012 வரை நாலு சாவு இருந்தால்தான் சேர்த்தது. 2013-லிருந்து மூன்றே போதும். வரம்பு இறங்கினால் எண்ணிக்கை தானாக ஏறுமே! அதனால் மூன்று பேர் மட்டும் இறந்த சம்பவங்களைப் பென்சிலால் அடித்துவிட்டு எண்ணினேன்.

அப்புறம் மக்கள்தொகையால் வகுங்கள். 1982-ல் அங்கே 23 கோடிப் பேர், இப்போது 33 கோடிக்கு மேல். ஒற்றை வருஷத்தைப் பார்த்துப் பதறாமல் ஐந்தைந்து வருஷமாகக் கூட்டுங்கள்.

இறந்தவர்களுக்குத் தனிக் கட்டம் போடுங்கள். ஒரே ஆள் சுட்டு அதிக உயிர் போன ஐந்து சம்பவங்களும் 2007-லும் அதற்குப் பிறகும் நடந்தவை. 2007-ல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர். அதில் ஒருவர் எங்கள் ஈரோடு மாவட்டத்தில் பிறந்த பேராசிரியர். அந்த வரியில் கொஞ்ச நேரம் பென்சில் ஓடவில்லை.

இத்தனையும் கழித்த பிறகும், பொது இடத்துக் கொலைகள் எண்பதுகளைவிட இப்போது அதிகம்தான். பெரிய பட்டியலோ 2014-ல் 270 சொச்சம், 2021-ல் 690 அளவு, 2024-ல் 500 சொச்சம்: ஏறி, இறங்கியிருக்கிறது. மகளிடம் இரண்டையும் சொன்னேன். அடுத்த வருஷத்துக்கும் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.