யாவோ மொழி கற்க வருபவர்கள் செய்யும் தவறுகள்

ஆப்பிரிக்காவில், மலாவி ஏரியின் தென்கோடியில், மங்கோச்சி நகரத்துப் பக்கம், யாவோ கற்க வரும் புதியவர்களைப் பார்க்கிறேன். எங்களுக்குக் கால் இடறிய இடங்களிலேயே அவர்களும் இடறுகிறார்கள். உச்சரிப்புப் பிழையெல்லாம் பேசப் பேசச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

பெயரைப் பார்த்துப் பாடநூல் வாங்குவது

சீன மலைகளில் வாழும் யாவோ மக்கள் வேறு, அவர்கள் மொழியும் வேறு. இது பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த கிழக்கு ஆப்பிரிக்க மொழி.

ஒருமையை மட்டும் மனப்பாடம் செய்வது

'முண்டு ஜுமோ' ஒரு ஆள், 'வாண்டு வாவிலி' இரண்டு ஆட்கள். 'சிண்டு சிமோ' ஒரு பொருள், 'இண்டு இவிலி' இரண்டு பொருள்கள். பெயரின் முன்னொட்டு மாறினால் எண்ணுச்சொல்லும் வினைச்சொல்லும் கூடவே மாறும். அதனால் ஒருமை, பன்மை இரண்டையும் சேர்த்தே படியுங்கள். பெரியவர் ஒருவரே என்றாலும் பன்மையில்தான் பேச வேண்டும். இது மட்டும் தமிழருக்குச் சுலபம்.

சிச்சேவாவிலேயே சமாளிப்பது

1968-இல் சிச்சேவா மலாவியின் தேசிய மொழியானது. பள்ளியிலும் வானொலியிலும் யாவோவுக்கு இடமில்லாமல் போயிற்று. 1994 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகே அது வானொலிக்குத் திரும்பியது. நீங்கள் சிச்சேவாவில் கேட்டால் அதிலேயே பதில் வரும், யாவோ காதில் விழாது. எல்லை தாண்டி மொசாம்பிக்கின் நியாசா மாகாணத்துக்குப் போனால் சிச்சேவா எல்லா இடத்திலும் கைகொடுக்காது.

தாய்மாமனை விட்டுவிடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். ஊரில் மசூதி இருக்கிறது, ஆண்கள் தொப்பி அணிகிறார்கள், பிள்ளைகள் மதரசாவுக்குப் போகிறார்கள். சரி, தந்தைவழிச் சமூகம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். யாவோக்கள் இன்றைய தான்சானியாவின் கில்வா கடற்கரையோடு யானைத்தந்த வணிகமும் அடிமை வணிகமும் செய்தவர்கள்; 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்களிடையே இஸ்லாம் பரவியது. ஆனாலும் தாய்வழி முறை போய்விடவில்லை. தலைவர் பதவி சகோதரியின் மகனுக்குப் போகும். கல்யாணமானதும் கணவன்தான் மனைவியின் ஊருக்கு வருவது வழக்கம். உடன்பிறந்த சகோதரிகளும் அவர்கள் பிள்ளைகளும் சேர்ந்தது 'எம்பும்பா'. அதற்குப் பொறுப்பு அந்தச் சகோதரிகளின் மூத்த சகோதரன், அதாவது பிள்ளைகளின் தாய்மாமன். நோய், சண்டை, கல்யாணம் எதுவானாலும் அவரைத் தேடித்தான் போவார்கள்.

ஓர் இளைஞர் ஒரு வீட்டில் தங்கி மொழி பழக வந்தார். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டார், அவரும் தலையாட்டினார். அவரே அந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவர், 'கூடாது' என்று எப்படிச் சொல்வார்? மனைவியின் அண்ணனுக்கு விஷயம் வெளியாள் மூலம் போயிற்று. அவர் சத்தம் போடவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் இளைஞரிடம் வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். சோளக்களி கிண்டும்போது நடக்கிற பேச்சைக் கேட்கத்தான் அவர் வந்ததே, அதுவே போயிற்று. கணவருக்கும் மச்சானுக்கும் நடுவில் வந்த கசப்பு, இளைஞர் ஊரைவிட்டுப் போன பிறகும் தீரவில்லை. முதல் நாளே மச்சான் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

ஜாண்டோ பற்றித் துருவுவது

பையன்களின் பருவச் சடங்கு அது. உள்ளே நடப்பதைக் கேட்காதீர்கள்.