வீட்டுக் காவல் ரைஃபிளுக்கு எந்த சைட்?

படுக்கையறைக் கதவில் அளவு டேப்பின் ஒரு முனையை வைத்து, வீட்டுக்குள் நேர்பார்வை எட்டும் கடைசிச் சுவர்வரை இழுத்துப் பாருங்கள். அமெரிக்காவின் சாதாரணத் தனிவீட்டில் அது 7 கெஜம் இருக்கும், மிஞ்சினால் 15. அடுக்குமாடி என்றால் இன்னும் குறைவு. ஏஆர்-15 ரைஃபிள் வாங்கிய கையோடு பலர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை மடங்கு ஸ்கோப்?" என்பது. அந்த டேப்பே அதற்குப் பதில் சொல்லிவிடும். உருவத்தைப் பெரிதாக்க இங்கே எதுவும் இல்லை. தூக்கம் கலையாத கண், கும்மிருட்டு, கண்ணாடி போடாத முகம், கோணலாகத் தோளில் பதிந்த ரைஃபிள்: சைட், அதாவது குறிபார்க்கும் கருவி, வேலை செய்யவேண்டியது இந்த நிலைமையில்தான்.

கடைக்குப் போகுமுன் ஒரு சட்ட விஷயம். ஹெச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கைவசம் வைத்திருப்பதையே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டங்கள் தனி. கலிஃபோர்னியாவில் விற்கும் ஏஆர்-15 டெக்சாஸில் விற்பதுபோல இருக்காது. சந்தேகம் இருந்தால் நண்பர்களை விட்டுவிட்டு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

இரும்பு சைட் மட்டும் போதுமா?

பகலில் போதும். பின்பக்கத் துளை வழியாக முன்பக்கக் குறிமுள்ளைப் பார்க்கும் முறை பல பத்தாண்டுகள் ராணுவத்தில் ஓடியதுதான். இருட்டில் கறுப்பு உலோகமும் கறுப்புச் சுவரும் ஒன்றாகிவிடும். இருட்டில் தானே ஒளிரும் டிரிட்டியம் வைத்த குறிமுள் கொஞ்சம் உதவும். ஆனால் டிரிட்டியத்தின் அரையாயுள் ஏறக்குறைய 12.3 ஆண்டு, பழைய சைட் மங்கித்தான் இருக்கும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல்: கைநீளத் தூரத்தில் இருக்கும் குறிமுள்ளே மங்கலாகத் தெரியும். மடக்கி வைக்கும் இரும்பு சைட்டை மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்வது நல்லது. முதல் சைட்டாக அதை நம்பவேண்டாம்.

ரெட் டாட்: பெரும்பாலானோருக்கு இதுவே

கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். இரண்டு கண்ணையும் திறந்து இலக்கைப் பார்த்தால் புள்ளி அதன்மேல் வந்து உட்காரும். கன்னம் ஒழுங்காகப் பதியாவிட்டாலும், கண் நடுவில் இல்லாவிட்டாலும், கண்ணாடிக்குள் புள்ளி தெரிந்தால் போதும். வீட்டுத் தூரத்தில் பிழை மிகச் சிறியது. ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் 1970களில் சந்தைக்குக் கொண்டுவந்த கருவி இது. 1990களின் இறுதியில் எம்68 என்ற பெயரில் அமெரிக்க ராணுவத்துக்குள் நுழைந்தது.

புள்ளியின் அளவை எம்ஓஏ என்று சொல்வார்கள். 1 எம்ஓஏ என்பது 100 கெஜத்தில் சுமார் 1 அங்குலம். 2 எம்ஓஏ புள்ளி எல்லா வேலைக்கும் ஒத்துவரும். 4 எம்ஓஏ கொஞ்சம் சீக்கிரம் கண்ணில் படும், தூரத்தில் இலக்கை மறைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

உடைத்துக்கொள்ள வேண்டிய இடம் பேட்டரி. இரவு இரண்டு மணிக்கு சுவிட்சைத் தேடும் நிலையில் யாரும் இருக்கமாட்டார்கள். ஆகவே எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் சைட், அல்லது அசைத்தவுடன் தானே விழித்துக்கொள்ளும் சைட், இவை இரண்டில் ஒன்றுதான் வாங்கவேண்டும். எய்ம்பாயிண்ட் ப்ரோ ஒரே பேட்டரியில் 30,000 மணி நேரம் ஓடும் என்று நிறுவனம் சொல்கிறது. அதாவது மூன்று ஆண்டுக்கு மேல். அதே நிறுவனத்தின் டி-2க்கு 50,000 மணி நேரம். சிக் சாவரின் ரோமியோ5, ஹோலோசனின் பல மாடல்கள் அசைவில் விழிக்கும் வகை; விலையும் குறைவு. இந்த எண்களெல்லாம் நடுத்தர வெளிச்சத்தில் எடுத்தவை. முழு வெளிச்சத்தில் வைத்தால் ஆயுள் மளமளவென்று குறையும்.

கைத்துப்பாக்கிக்கான திறந்தவகை டாட்டை ரைஃபிளில் மாட்டுபவர்கள் உண்டு. கட்டில் ஓரத்திலோ அலமாரியிலோ மாதக்கணக்கில் கிடக்கும் ரைஃபிளில், விளக்கு இருக்கும் குழியில் நூலும் தூசியும் அடையும். அப்புறம் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிவப்புச் சிதறல்தான் தெரியும். மூடிய குழாய் வகையே மேல்.

இணையத்தில் பாதிவிலைக்குக் கிடைக்கும் எய்ம்பாயிண்ட், ஈஓடெக் பெரும்பாலும் போலி. பொம்மைத் துப்பாக்கிக்குச் செய்த அந்தச் சரக்கு நிஜ ரைஃபிளின் உதையில் குறி நகர்ந்துவிடும், இல்லையேல் அணைந்துவிடும்.

ஹோலோகிராஃபிக்

ஹோலோகிராம் மூலம் குறியைக் காட்டும் வகை இது. ஈஓடெக்கின் 68 எம்ஓஏ வளையமும் நடுவில் 1 எம்ஓஏ புள்ளியும் அருகில் சுடுவதற்கு அருமையானவை, சாளரமும் அகலம். அதற்குக் கொடுக்கும் விலை பேட்டரியில் தெரியும்: மாடலைப் பொறுத்துச் சில நூறு மணியிலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் மணி வரைதான். அதோடு 8 மணி நேரத்தில் தானே அணைந்துவிடும். கீழ்ப் பொத்தானால் ஆன் செய்திருந்தால் 4 மணி. ஆக, எடுத்தவுடன் பொத்தானை அழுத்தும் பழக்கம் கைக்கு வந்தாகவேண்டும். 2015இல் வெப்பநிலை மாறும்போது குறி நகர்கிற குறைபாடு தொடர்பாக அதன் அன்றைய உரிமையாளர் எல்-3 அமெரிக்க அரசுக்கு 2.56 கோடி டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அந்தக் காலத்துப் பழைய சரக்கை இரண்டாம் கையில் வாங்காமல் இருப்பதே புத்தி.

கண்ணில் சிலிண்டர் பவர் இருந்தால்

உங்கள் கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் (கண் வளைவின் ஒழுங்கின்மை, ஆஸ்டிக்மாடிசம்) என்ற கட்டத்தில் எண் இருக்கிறதா? அப்படியானால் ரெட் டாட் உங்களுக்குப் புள்ளியாகத் தெரியாமல் வால்நட்சத்திரம்போலவோ திராட்சைக் கொத்துபோலவோ தெரியலாம். சைட் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புமுன் இரண்டு சோதனை. ஒன்று, சைட்டை லேசாகச் சுழற்றுங்கள். சைட் சுழன்றும் சிதறல் அதே திசையில் நின்றால் குறை கண்ணில். மற்றொன்று, பின்பக்க இரும்பு சைட்டின் சிறு துளை வழியாகப் புள்ளியைப் பாருங்கள். சிதறல் சுருங்கினால் அதுவும் கண்ணையே காட்டுகிறது.

புள்ளியின் வெளிச்சத்தைக் குறைத்தாலே பலருக்குச் சரியாகிவிடும். ஆகாதவர்களுக்கு 1 மடங்கு ப்ரிஸம் சைட் இருக்கிறது. அதன் குறி கண்ணாடியிலேயே செதுக்கப்பட்டது. பேட்டரி செத்தாலும் கறுப்பாகத் தெரியும், கண்ணுக்கேற்பக் குவியத்தையும் திருகிக்கொள்ளலாம். குறை என்னவென்றால் கண்ணைச் சைட்டுக்குப் பின்னால் குறிப்பிட்ட தூரத்தில், ஏறக்குறைய நேராக வைக்கவேண்டும். டாட்டின் தாராளம் இதில் கிடையாது.

கடையில் யாரும் செய்யாத சோதனை ஒன்று: மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். டாட்டின் ஒளி வெகுதூரத்திலிருந்து வருவதுபோலக் கண்ணுக்குள் வரும். ஆகவே கிட்டப்பார்வைக்காரருக்குக் கண்ணாடி இல்லாமல் புள்ளி மங்கிப் பரந்த வட்டமாகத் தெரியும். 5 கெஜத்தில் அந்த வட்டமே போதும் என்று சிலர் முடிவெடுக்கலாம். ப்ரிஸம் வாங்கினால் கண்ணாடியோடா, இல்லாமலா என்று முதலில் தீர்மானித்துவிட்டு அதற்கேற்பத் திருகுங்கள்.

1-6, 1-8 ஸ்கோப்

நூறு ஏக்கர் பண்ணையில் கொயோட்டியையும் (ஓநாய் போன்ற விலங்கு) பார்க்கவேண்டும் என்பவருக்கு, 1 முதல் 6 அல்லது 8 மடங்குவரை மாற்றிக்கொள்ளும் இந்த ஸ்கோப் நியாயம். வீட்டுக்குள் மட்டும் என்றால் வீண்சுமை: மவுண்டோடு (சைட்டை ரைஃபிளில் பொருத்தும் தாங்கி) சேர்த்து 20 அவுன்ஸைச் சர்வசாதாரணமாகத் தாண்டும், சிறு டாட் மவுண்டோடு அதில் கால் பங்குதான். கண் நடுவிலிருந்து விலகினால் படம் கறுத்துப்போகும். விலை குறைந்த ஸ்கோப்பில் விளக்கு மங்கல், கறுப்புக் குறி இருட்டில் தெரியவே தெரியாது. வைத்திருக்கிறீர்கள் என்றால் எப்போதும் 1 மடங்கில், விளக்கு எரிய விட்டு வையுங்கள்.

மவுண்ட்

சைட் வாங்கிய மிச்சத்தில் மவுண்ட் வாங்குவது தலைகீழ் வேலை. குறி நகர்ந்துவிட்டது என்று வரும் புகார்களில் கணிசமானவை தளர்ந்த திருகில் முடிகின்றன.

ஏஆர்-15இல் ரெயிலிலிருந்து (ரைஃபிளின் மேலே பள்ளங்கள் வெட்டிய பட்டை) புள்ளியின் நடுவரை அளந்தால் 1.41 அங்குலம் என்பது இரும்பு சைட்டோடு ஒரே கோடு. 1.6ஐ ஒட்டிய உயரத்தில் இரும்பு சைட் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் மட்டும் தெரியும், பார்வை அடைபடாது. வீட்டுக்கு இதையே சொல்வோம். 1.93, 2.26 ஆகியவை இரவுப்பார்வைக் கருவி, வாயுமுகமூடி போடுபவர்களுக்காக வந்தவை. தலை நிமிர்ந்து நிற்கச் சுகம்தான், ஆனால் அடுத்து சொல்லப்போகும் கணக்கை அவை மோசமாக்கும்.

பொருத்தும் முறை: தோட்டாக்கூட்டைக் கழற்றுங்கள், போல்ட்டை இழுத்து அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள், தோட்டாவை வேறு அறையில் வையுங்கள். கைப்பிடி உறையின் ரெயிலில் சைட் வேண்டாம். அது வளையும், சூடாகும். மேல் ரிசீவரின் (ரைஃபிளின் மேல் உடல்) ரெயிலிலேயே வையுங்கள். திருகிலும் ரெயிலிலும் உள்ள எண்ணெயை ஆல்கஹாலால் துடையுங்கள். மவுண்டைக் குழல்வாய்ப் பக்கம் தள்ளிப் பள்ளத்தின் சுவரில் முட்டவைத்தபடி இறுக்குங்கள். இந்தத் தள்ளலை மறந்தால் முதல் இருபது தோட்டாவில் உதை தானே அதைத் தள்ளிவிடும், குறி போய்விடும். குறித்த விசையில் இறுக்கும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். ஸ்கோப் வளையத் திருகுக்குப் பெரும்பாலும் 15 முதல் 18 அங்குல-பவுண்டு. ரெயிலைக் கவ்வும் பெரிய நட்டுக்குச் சில நிறுவனங்கள் 65 வரை சொல்லும். கையேட்டில் இருக்கும் எண்ணே கடைசி வார்த்தை. திருகு தளராமலிருக்கப் பூசும் நீல லாக்டைட் பசை ஒரு துளி, கையேடு அனுமதித்தால் மட்டும். முடிந்ததும் திருகுத் தலைக்கும் மவுண்டுக்கும் குறுக்கே பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கோடு உடைந்தால் திருகு நகர்ந்திருக்கிறது.

இரண்டரை அங்குலக் கணக்கு

புள்ளி இருக்கும் இடத்தில் குண்டு விழும் என்று நம்புவதுதான் இந்தத் தூரத்தில் நடக்கும் பெரிய தவறு. 1.41 மவுண்டில் சைட் குழலின் நடுவிலிருந்து சுமார் 2.6 அங்குலம் மேலே இருக்கிறது. குண்டு அவ்வளவு கீழிருந்து கிளம்பி, குறி கட்டிய (குண்டும் புள்ளியும் ஒன்றாகும்படி சைட்டைத் திருகிவைத்த) தூரத்தில்தான் பார்வைக்கோட்டைத் தொடும். 50 கெஜத்துக்குக் கட்டிய ரைஃபிளில் 25 கெஜத்தில் சுமார் 1.2 அங்குலம் தாழ்வு. 7 கெஜத்தில் 2.2, 5 கெஜத்தில் 2.3. அதாவது நடைவழித் தூரத்தில் எப்போதும் இரண்டு அங்குலத்துக்கு மேல் கீழே. 2.26 உயர மவுண்டில் இது சுமார் மூன்று அங்குலம் ஆகிவிடும். இதற்காக 7 கெஜத்தில் குறி கட்டாதீர்கள். அப்படிக் கட்டினால் 50 கெஜத்தில் ஓர் அடிக்கு மேல் உயரப் போகும். குறியை மாற்றாமல், புள்ளியை இரண்டு அங்குலம் மேலே பிடிக்கப் பழகுவதே தீர்வு.

இதே கணக்குக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. சோஃபாவின் முதுகு, கட்டில் ஓரம், படிக்கட்டுக் கைப்பிடி போன்றவற்றின் மேலாகப் பார்க்கும்போது புள்ளி தடையின்றி இலக்கைக் காட்டும். குழல்வாயோ சோஃபாவைப் பார்த்துக்கொண்டிருக்கும். அறை காலியான, அதைக் காட்டும் பாதுகாப்புக் கொடி செருகிய ரைஃபிளோடு உங்கள் வீட்டிலேயே இதைச் சோதியுங்கள். குழலின் பக்கவாட்டில் ஃபோனை நிறுத்தி வீடியோ எடுத்தால், எத்தனை இடங்களில் குழல் மறைகிறது என்று தெரியும்.

குறி கட்டுதல்

மணல்மூட்டையில் ரைஃபிளைச் சாய்த்து முதலில் 25 கெஜத்தில் தொடங்குங்கள். குழலில் வைக்கும் லேசர் போர்சைட்டர், குண்டைக் காகிதத்தில் விழவைக்க மட்டுமே. சுடுமுன் அதைக் கழற்றியாயிற்றா என்று இருமுறை பாருங்கள். மூன்று தோட்டா சுட்டு, குண்டுத் துளைக் கூட்டத்தின் நடுவைப் பார்த்துத் திருகுங்கள். பெரும்பாலான டாட்டில் ஒரு கிளிக் அரை எம்ஓஏ: 25 கெஜத்தில் 1 அங்குலம் நகர்த்த 8 கிளிக், 50 கெஜத்தில் 4. 25இல் கூட்டம் புள்ளிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாகக் கீழே நின்றால், 50இல் ஏறக்குறையச் சரியாக இருக்கும். கடைசியாக 50 கெஜத்தில் ஐந்து தோட்டா சுட்டு உறுதி செய்யுங்கள்.

வீட்டில் வைக்கப்போகும் அதே தோட்டாவில் முடியுங்கள். மலிவான 55 கிரெய்னும் (குண்டின் எடை அளவு) 77 கிரெய்னும் ஒரே இடத்தில் விழாது. பிறகு 7 கெஜத்துக்கு வந்து, ஓர் அங்குல ஸ்டிக்கரை அதன் மேல் புள்ளி வைத்துச் சுட்டுப் பாருங்கள். தாழ்வு கண்ணால் தெரியும். அதற்கப்புறம் ஸ்டிக்கரிலேயே விழவைக்க எவ்வளவு மேலே பிடிக்கவேண்டும் என்று கை பழகட்டும்.

வெளிச்சம்

ரைஃபிளில் டார்ச் இல்லையென்றால் எந்த சைட்டும் பயனில்லை. நிற்பது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த மகனா என்று புள்ளி சொல்லாது. ஏஆர்-15இன் வழக்கமான 5.56 குண்டு ஜிப்சம் சுவர்களைத் துளைத்துப் போகும் என்பதால் பின்னால் யார் படுத்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்கவேண்டும்.

புள்ளியின் பிரகாசத்தை இருட்டறையில் கண்ணுக்கு இதமாக வைத்துவிட்டுப் போவார்கள். டார்ச்சைப் போட்டவுடன் வெள்ளைச் சுவரின் எதிரொளியில் அந்தப் புள்ளி கரைந்து காணாமல் போகும். சரியான முறை: இரவில், அறை காலியான ரைஃபிளின் டார்ச்சை வெள்ளைச் சுவரில் அடித்து, அந்த வெளிச்சத்தில் புள்ளி தெளிவாகத் தெரியும்வரை ஏற்றுங்கள். டார்ச்சை அணைத்தால் புள்ளி கொஞ்சம் கூசிப் பரவும், பரவாயில்லை. அந்த நிலையிலேயே விடுங்கள்.

பராமரிப்பு

ஆயுள் ஐந்து ஆண்டு என்று அட்டையில் போட்டிருந்தாலும் வருடம் ஒருமுறை பேட்டரியை மாற்றுங்கள். நவம்பரில் கடிகாரத்தைத் திருப்பும் நாள் நினைவில் நிற்கும். ஏஏ, ஏஏஏ வகைக்கு லித்தியமே போடுங்கள். ஆல்கலைன் கசிந்து தொடர்புமுனையை அரிக்கும். குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூசிய சிஆர்2032 பட்டன் பேட்டரி சில சைட்களில் மின்தொடர்பு தராமல் போவதுண்டு. பூச்சை ஆல்கஹாலால் துடைத்தால் சரியாகும், அல்லது பூச்சில்லாத பிராண்ட் வாங்குங்கள். கழற்றிய பழைய பட்டன் பேட்டரியை மேசையில் போடாமல் டேப் சுற்றி அப்போதே அப்புறப்படுத்துங்கள். காலியான பேட்டரிகூடக் குழந்தையின் தொண்டையில் சிக்கினால் சுட்டெரிக்கும். பேட்டரி மாற்றிய கையோடு பெயிண்ட் கோடுகளைப் பாருங்கள், புள்ளியை இரும்பு சைட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டும் விலகியிருந்தால் திருகை இறுக்கிவிட்டு மறுபடி 50 கெஜத்துக்குப் போகவேண்டியதுதான்.